ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டதும் எங்கள் ஒழுங்கையில் பெரியவர்கள் கதைத்தது ஒன்றைத்தான்: வருகிற தையில் பிள்ளையை எங்கே சேர்ப்பது? ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் மார்கழி முழுக்க அதே யோசனை. வஜிரா பிள்ளையார் கோயிலுக்குப் போய்வரும் வழியில் அம்மாமார் அதைத்தான் பேசுவார்கள். அப்பாமார் கந்தோர் முடிந்து 120ஆம் இலக்க பஸ்ஸில் வந்திறங்கி, சேட்டைக் கழற்றுமுன்பே கேட்பார்கள்: "போம் குடுக்கத் தொடங்கிட்டாங்களோ?"

எழுபதுகளின் தொடக்கம் அது. ஹெவ்லொக் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை. தமிழ்க் குடும்பங்கள் ஆறேழு, மற்ற வீடுகளில் சிங்களவரும் முஸ்லிம்களும், கடைசி வீட்டில் அவுஸ்திரேலியாவுக்குப் போக விசா பார்த்துக்கொண்டிருந்த ஒரு பறங்கிக் குடும்பம். எங்கள் ஆட்களில் அரசாங்கக் கிளறிக்கல்காரர் அதிகம். வங்கியில் ஒருவர், வெள்ளவத்தை நெசவாலையில் கணக்கெழுதிய ஒருவர். ஊரில் காணி, பூமி எல்லாம் யாழ்ப்பாணத்தில். கொழும்பில் இருந்ததெல்லாம் வாடகை வீடும் பிள்ளைகளின் படிப்பும்தான்.

பள்ளிக்கூடத்துக்குக் குறைவில்லாத இடம் ஹெவ்லொக் டவுன். 1952இல் கிறீன்லண்ட்ஸ் கல்லூரியாகத் தொடங்கிய இசிப்பத்தான எங்கள் வாசலிலே. அரங்கோடு கூடிய லும்பினி பக்கத்திலே. டிக்மன்ஸ் றோட்டால் இறங்கினால் காலி வீதி. அந்தப் பக்கம் 1903இல் வந்த ஹோலி பமிலி கொன்வென்ற், 1917இல் தொடங்கிய விசாகா, 1922இன் சென் பீற்றர்ஸ், இந்து வித்தியாவிருத்திச் சங்கத்தார் 1951இல் தொடக்கிய இந்துக் கல்லூரி. ஹை ஸ்ரீற்றால் போனால் வெள்ளவத்தை சைவ மங்கையர். தும்முல்லைச் சந்தியைத் தாண்டினால் 1835இலிருந்து வருகிற றோயல். ஒரு பிள்ளையின் காலுக்கு எட்டுகிற தூரத்தில் இவ்வளவு. ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த மொழிக்கு வகுப்பு இருக்கிறது, எந்த மதத்துக்கு முதலிடம், யாருடைய தகப்பன் அங்கே பழைய மாணவன் என்று வடித்துப் பார்த்தால், ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மிஞ்சுவது இரண்டோ மூன்றோதான்.

பெரியப்பாவுக்கு இந்த வடிப்பெல்லாம் புதினமாக இருந்தது. அவர் முப்பதுகளில் வெஸ்லியில் படித்தவர். அந்த நாளில் கொழும்பின் பெரிய பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தன. காசு கட்ட வக்கிருந்தவன் படித்தான், இல்லாதவன் வெளியே நின்றான். அது பெரிய அநியாயம். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்ததால்தான் அப்பா போன்றவர்கள் மேலே படித்தார்கள். ஆனால் பெரியப்பாவின் வாங்கில் ஒரு பக்கம் சிங்களப் பொடியன், மறு பக்கம் மலாய்ப் பொடியன், பின்னால் பறங்கி. எண்பது வயதிலும் அவர்களுடைய பட்டப்பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். தமிழ் மட்டும் அவருக்கு எழுத வராது. எங்கள் அப்பாச்சிக்கு அவர் போட்ட கடிதங்களை அப்பாதான் எழுதிக் கொடுத்தார்.

பிறகு தாய்மொழிக் கல்வி கீழ் வகுப்பிலிருந்து படிப்படியாக மேலே ஏறியது. ஐம்பதுகள் முடிவதற்குள் மேல் வகுப்புகளும் சிங்களம், தமிழ் என்று பிரிந்துவிட்டன. தாயும் தகப்பனும் தமிழரானால் பிள்ளை தமிழில்தான் படிக்கவேண்டும், தெரிவு கிடையாது. தாய்மொழியில் படித்தது எங்களுக்கு வாய்த்த பெரும் பேறு. விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் அம்மாவோடு கதைக்கிற மொழியிலேயே விளங்கிக்கொண்டோம். அதற்கு ஈடாகப் போனது பெரியப்பாவின் வாங்கு. ஒரே கட்டடம், ஒரே சீருடை, ஒரே மணி. வகுப்பு மட்டும் வேறு.

என் விஷயத்தில் வீட்டில் பெரிய தர்க்கம் நடந்தது. நான் சைவ மங்கையரில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேயே தொடர வேண்டும் என்றார் அம்மம்மா. நவராத்திரி, தேவாரம், சங்கீதம், பரதம் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கிடைக்கிறது, பிறகென்ன குறை? அம்மாவுக்கு கொன்வென்ற் ஆசை. கொன்வென்ற் பிள்ளைகள் ஆங்கிலம் கூசாமல் கதைப்பார்கள், அந்தக் கூச்சமில்லாமை ஒரு பெண்ணுக்குக் கந்தோரில் கதிரை வாங்கித் தரும் என்று நம்பினா. "வேதக்காரப் பள்ளிக்கூடத்திலை விட்டா பிள்ளை திருநீறு பூசாது" என்று அம்மம்மா சொல்ல, "பூசாட்டி நான் பூசிவிடுறன், நீங்கள் சும்மா இருங்கோ அம்மா" என்று அம்மா திருப்பிச் சொன்னது இப்பவும் காதில் இருக்கிறது. 1960, 61இல் உதவி பெற்ற பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தபோது கொழும்பின் சில பெரிய கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் போகாமல் தனியாக நின்றன. கட்டணமும் அறவிட முடியாத நிலையில் அவை நின்று பிடித்ததே அம்மாவுக்கு அவற்றின் மேல் ஒரு மதிப்பு.

நேர்முகத்துக்குப் போன காலை. அம்மா மணிப்புரிச் சேலை. கையில் பழுப்பு நிற ஃபைல். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், தேர்ச்சி அறிக்கை, வாடகைப் பற்றுச்சீட்டு, அப்பாவின் கந்தோர்க் கடிதம். மெழுகு தேய்த்த சிவப்புச் சீமெந்துத் தரை, மேசைக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் ஒரு சிஸ்ரர். ஆங்கிலப் புத்தகம் ஒன்றை விரித்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அம்மா இரண்டு சொல் ஆங்கிலத்தில் தொடங்கி, மூன்றாவது சொல்லுக்குத் தமிழுக்கு வந்துவிட்டா. சிஸ்ரர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் யாழ்ப்பாணத்திலை எந்தப் பக்கம்?" என்றார். அவரும் அந்தப் பக்கம்தான். அதற்குப் பிறகு என் படிப்பைப்பற்றி ஒரு கதையுமில்லை. கோயில் திருவிழாவும் பனங்காய்ப் பணியாரமும்தான். எனக்கு இடம் கிடைத்தது. அம்மம்மா ஒரு கிழமை அம்மாவோடு கதைக்கவில்லை.

அங்கே நான் தமிழ் மீடியம். இடைவேளையில் முற்றம் பொது, நெற்போல் பொது. விளையாட்டில் கத்திக் கத்தியே எனக்குச் சிங்களம் வந்தது. சிங்கள மீடியத்துப் பிள்ளைகள் சிலருக்கு எங்கள் வகுப்பின் வசவுச் சொற்கள் எல்லாம் பாடம். மணி அடித்ததும் அவர்கள் அந்தப் பக்கப் படியில் ஏறுவார்கள், நாங்கள் இந்தப் பக்கம். அவர்களுடைய சரித்திரப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்களும் எங்களுடையதைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு நாடு உடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று, பின்னாளில் ஆசிரியையாக நின்றபோது எனக்குத் தோன்றியிருக்கிறது.

அண்ணாவின் கதை வேறு. அவனைப் பொறியியலாளனாக்க அப்பா நினைத்திருந்தார். 1971இல் தரப்படுத்தல் வந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்களத்தில் எழுதியவனுக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும். பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் வந்து சேர, நல்ல பள்ளிக்கூடம் என்பதன் கணக்கே மாறிப்போனது. கொழும்பில் நல்ல பள்ளிக்கூடத்தில் படிப்பதே பாதகம் என்று நினைத்தவர்கள், பிள்ளையைப் பின்தங்கிய மாவட்டம் ஒன்றில் சேர்க்க வழி பார்த்தார்கள். அப்பா கடைசிவரை அசையவில்லை. "படிப்பிக்கிற இடத்திலை படிக்கட்டும்" என்றார். அண்ணாவுக்கு நான்கு புள்ளியில் போனது. இப்போது அவன் ரொறொன்ரோவில்.

கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் இந்தத் தலையிடி குறைவு. ஆண் பிள்ளை வேதமென்றால் 1865இல் தொடங்கிய சென் பெனடிக்ற்ஸ், சைவமென்றால் விவேகானந்தா. பெண் பிள்ளைக்குக் குட் ஷெப்பர்ட். கோயிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் நடந்து போகிற தூரத்தில் இருந்ததால் தெரு முழுவதும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தது. செட்டியார் தெரு நகைக் கடைகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பலருக்குக் குடியுரிமையே இல்லாத காலம் அது. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் தெரிவு செய்வதைவிடக் கப்பல் ஏறவேண்டி வருமா என்பதே கேள்வி. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மாமியின் மகளோடு ஒரே வாங்கில் இருந்தவள் ஒருத்தி இந்தியாவுக்குப் போனாள். இராமேஸ்வரத்திலிருந்து ஒரு தபாலட்டை வந்தது, அவ்வளவுதான்.

1983 யூலை. 25ஆம் திகதி திங்கட்கிழமை எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார்கள். அதை நான் விரித்து எழுதப்போவதில்லை. பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது பள்ளிக்கூடங்களைப் பற்றி. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமானது. பரீட்சை எழுத வாங்கு அடுக்கிய மண்டபங்களில் ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரே வகுப்பில் இரட்டை மடங்கு பிள்ளைகள்.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. மீண்டும் திறந்தபோது வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டேன். பாதிக்கு மேல் பதிலில்லை. அடுத்து வந்த கிழமைகளில் தகப்பன்மார் வந்தார்கள், பிள்ளைகள் வரவில்லை. விடுகைப் பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தில் 'விலகுவதற்கான காரணம்' என்று ஒரு நிரை உண்டு. முதலாவது பத்திரத்தை எழுதும்போது என் பேனை அந்த நிரையில் நின்றுவிட்டது. மூத்த ஆசிரியை ஒருவர் எட்டிப் பார்த்து, "வதிவிட மாற்றம் எண்டு எழுது பிள்ளை" என்றார். எல்லாவற்றிலும் அதையே எழுதினேன். வதிவிடம் மாறியது உண்மைதானே. எரிந்த வீட்டின் விலாசத்தை மேல் நிரையில் எழுதி, கீழே 'வதிவிட மாற்றம்' என்று எழுதி, அதிபரின் கையெழுத்துக்கு அடுக்கி வைத்தேன். இடாப்பில் அந்தப் பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் கோடு. அந்தப் பத்திரங்களில் சில பிறகு சென்னை, இலண்டன், ரொறொன்ரோ என்று போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்து மேசையில் விரிக்கப்பட்டிருக்கும்.

1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த பிறகு பத்திரங்கள் மறுபக்கமாக வந்தன. வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை மாடிவீடுகள் எழும்பின. ஆனால் முதலாம் ஆண்டுக்குச் சேர்க்க வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும்: உறுதி, மின்பட்டியல், ஆண்டுக்கணக்காக வாக்காளர் இடாப்பில் பெயர். வாடகைக்கு இருப்பவரின் பெயரை இடாப்பில் போட வீட்டுக்காரர் பலர் சம்மதிக்கமாட்டார்கள். பொலிஸ் பதிவு கையில் இருந்தும், பள்ளிக்கூடத்துக்குக் காட்ட ஒரு விலாசம் இல்லாத தாய்மாரை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். 2007 ஆனி 7ஆம் திகதி லொட்ஜ்களிலிருந்து தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியபோது உயர் நீதிமன்றம் தடை போட்டுத்தான் அது நின்றது. அப்படியான ஊரில் ஒரு பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக்கு இருந்த ஒரே நேரான வாசல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளை இருநூறு புள்ளிக்காக விடியவும் பின்னேரமும் ரியூசனுக்கு ஓடியது அதனால்தான். அந்தத் தாய்மாரைப் பேராசைக்காரர் என்று சொல்பவர்கள் அந்த மேசையின் முன் நின்றதில்லை.

இன்னொரு வாசல் காசு உள்ளவர்களுக்குத் திறந்தது. திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு முளைத்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதியப்படுபவை. கல்வி அமைச்சின் மொழிச் சட்டம் அவற்றுக்கில்லை. ஒரே வாங்கில் எல்லா இனத்துப் பிள்ளைகளும். பெரியப்பாவின் வாங்கு திரும்பி வந்ததுபோல இருக்கும். காசு கட்டினால்தான் இருக்கலாம் என்பதும் திரும்பி வந்தது. தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள்.

நெசவாலை இருந்த காணியில் இப்போது ஹெவ்லொக் சிற்றி. அங்கே இருக்கிற என் பெறாமகள் போன மாதம் ரெலிபோன் எடுத்தாள். மகனுக்குப் பத்து வயது. "சித்தி, இன்ரநாஷனலிலையே விடுறதோ, இல்லாட்டி ஆறாம் ஆண்டுக்கு கவண்மென்ற் ஸ்கூலுக்கு மாத்துறதோ?"

மாற்று என்றேன். 2001க்குப் பிறகு சில அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் ஆறாம் தரத்திலிருந்து ஆங்கில மீடியம் திரும்ப வந்திருக்கிறது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிற இடங்கள் உண்டு. தாய்மொழிப் பாடத்துக்கு அவரவர் வகுப்புக்குப் போய் வருகிறார்கள். பெரியப்பாவுக்கும் கிடைக்காதது, எனக்கும் கிடைக்காதது. அந்தப் பிள்ளைக்கு அது கிடைக்கக்கூடும்.

போய்க் கேட்க வேண்டியவற்றையும் சொன்னேன். தமிழ் இலக்கியத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? இரண்டாம் மொழியாகச் சிங்களத்தை உண்மையாகவே படிப்பிக்கிறார்களா, நேரசூசியில் மட்டும் இருக்கிறதா? ஆங்கில மீடிய வகுப்பு சாதாரண தரம் வரைக்கும் போகுமா, எட்டாம் தரத்தோடு நின்றுவிடுமா? அவள் எழுதிக்கொண்டாள். வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று கேட்டாள். போன வருடப் பட்டியலைப் பார்த்து இரவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.