தம்பியின் பாற்பற்கள்

காத்தான்குடியில், வாவிக்கரையோரம் எங்கள் வீடு. என் தம்பி அண்ணப் பிளவோடு பிறந்தான். அவனால் உறிஞ்ச முடியவில்லை. குடித்த பால் மூக்கால் வந்தது. உம்மா கரண்டியால் துளித்துளியாக ஊட்டினார். சத்திரசிகிச்சை முடிந்ததும், 'பசியில் வாடிய பிள்ளை' என்ற பாசத்தில் இரவில் சீனி கலந்த பால்மாப் போத்தலை அவன் வாயில் வைத்தவள் நான்தான்.

இரண்டு வயதிலேயே மேல் முன்பற்கள் கறுத்தன. "பல்லு நோவுது ராத்தா" என்று அழுதான். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும். வாயில் தங்கும் சீனியைக் கிருமிகள் அமிலமாக்கிப் பல்லை அரிக்கும் என்றார் பல் வைத்தியர். பிளவின் அருகே பற்கள் கோணலாக முளைப்பதால் துலக்குவதும் கடினமாம்.

இப்போது படுக்கையில் போத்தல் இல்லை. அரிசி மணியளவு புளோரைட் பற்பசையால் இருவேளையும் நானே துலக்கிவிடுகிறேன்.

சகோதரிகளே, பாசத்துக்கும் அறிவு வேண்டும். பாலுக்குப் பின் பிள்ளைக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள்.