மடியில் ஒரு மடக்குக்கத்தி

வேட்டிக்குப் பை கிடையாது. அதனால் எங்கள் பக்கத்தில் மடக்குக்கத்தி இடுப்பில்தான் குடியிருந்தது. சிலர் பெட்டிச் சாவியோடு சேர்த்து அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்வார்கள். சிலருக்குப் பட்டாப்பட்டி டிராயரின் ஆழமான பை. மாட்டுத் தரகர்களுக்கு அகலமான பச்சை பெல்ட். அதில் பணத்துக்கு ஓர் அறை, கத்திக்கு ஓர் அறை. என் அப்பா இந்த எதிலும் சேர மாட்டார். வெற்றிலைப் பொட்டலத்தோடு சுருட்டி மடியில் செருகிக்கொள்வார். திருக்கடையூர் சன்னதித் தெருவில் அவர் நடந்து வந்தால் முகம் தெரிவதற்கு முன்னால் இடுப்பில் அந்த மேடு தெரியும்.

கத்தி கடைமுழுக்கில் வாங்கியது. ஐப்பசி கடைசி நாள் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் முழுகுவது, மாயூரநாதரைப் பார்ப்பது, கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றுவது, தரங்கம்பாடி ரயிலைப் பிடித்து ஊர் திரும்புவது என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. ரயில் 1986-இல் நின்றுவிட்டது. கத்தி என்னிடம் வந்து சேர்ந்தது. எருமைக்கொம்புப் பிடி, பித்தளை ஆணிகள், ஆள்காட்டி விரல் நீளத்துக்கு அலகு. செய்தவர் பெயரோ ஊரோ அதில் கிடையாது. பிரான்சின் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியும், ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்ஸ்னர் 1897-இல் பதிவுசெய்த ராணுவ அதிகாரிகள் கத்தியும் பெயரும் முத்திரையுமாக இன்றைக்கும் உலகம் சுற்றுகின்றன. நம் கொல்லர்கள் செய்தவை பெயரில்லாமலே மடிக்கு மடி மாறின.

வீரதீரமாக அது எதையும் செய்ததில்லை. உரமூட்டைத் தையலில் சரியான முனையை நறுக்கினால் நூல் சரசரவென்று ஒரே இழுப்பில் பிரிந்து வரும். தப்பான முனையென்றால் ஒவ்வொரு கண்ணாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்பா மூட்டையைப் பார்த்ததுமே எந்த முனை என்று சொல்லிவிடுவார். பந்தியில் இலை பற்றாவிட்டால் கொல்லைக்கு ஓடி நாலு இலை நறுக்குவது, கன்றின் கழுத்தில் இறுகிப்போன கயிற்றை அறுப்பது, எனக்குப் பென்சில் சீவித் தருவது எல்லாம் அதன் பொறுப்பு. காலில் கருவேல முள் ஏறினால் அதுதான் வைத்தியரும். நுனியை விளக்கில் காட்டிவிட்டு, குதிகால் தோலை மெல்ல நீக்கி, முள்ளின் தலை தெரிந்ததும் கத்தியை நிறுத்திவிடுவார். மீதியை நகம் பார்த்துக்கொள்ளும். ஊசியால் எடுப்பவர்கள் முள்ளை உள்ளேதான் தள்ளுகிறார்கள் என்பது அவர் கட்சி.

இவ்வளவுக்கும் நடுவில் தலையாய வேலை பாக்குச் சீவுவது. பாக்குவெட்டி வீட்டில் வெற்றிலைச் செல்லத்தோடு இருக்கும், வயலில் கத்திதான். பாக்கைச் சீவி, அலகின் முதுகாலேயே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவார். பாக்கின் துவர்ப்பும் வாழைக் கறையும் மாங்காய்ச் சாறும் பட்டுப் பட்டு அலகு கருத்துக் கிடக்கும். எவர்சில்வர் கத்தியில் இந்தக் கருமை ஏறாது; பழைய எஃகில்தான் ஏறும். துவர்ப்பிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கருக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. அந்தக் கருமை துரு இல்லை. துருவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவது. சுண்ணாம்பும் தன் காரத்தால் இரும்பைக் காக்கும். நல்ல காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் கிடப்பதும் அந்தக் காரத்தால்தான். எங்கள் ஊருக்குக் கடல் சில கிலோமீட்டர் தள்ளித்தான் என்றாலும் உப்புக்காற்று தவறாமல் வந்துவிடும். திறந்து கிடக்கும் இரும்பு ஓர் ஐப்பசி கார்த்திகையைத் தாங்காது. இந்தக் கத்தி தாங்கியதில் வெற்றிலைப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. பல்லும் வாயும் வேறு கதை.

தீட்டுவதில்தான் டெல்டாக்காரனுக்குச் சங்கடம். காவிரி கொண்டுவந்து கொட்டியது வண்டலும் மணலும். தோண்டத் தோண்ட அதுதான். கல் விளையாத சீமை இது. இங்குள்ள கோயில்களுக்கே கல் வெளியிலிருந்து வந்தது. ஆகையால் வாசற்படிக் கருங்கல், கிணற்றடித் துவைகல், அம்மியின் விளிம்பு என்று வீட்டில் எங்கே கல் இருக்கிறதோ அங்கே தீட்டிக்கொண்டார்கள். எங்கள் பழைய வீட்டு வாசற்படியின் வலது ஓரம் வழவழவென்று குழிந்திருக்கும். அம்மா கோலமாவுக் கிண்ணத்தை அந்தக் குழியில்தான் வைப்பார். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடிவிளிம்பில் மெருகு ஏறாத வட்டத்தில் நாலு இழுப்பு இழுத்தாலும் போதும். நகரத்தில் இருப்பவர்கள் இன்றே செய்து பார்க்கலாம்.

சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்துக்கொண்டு தெருவில் வருகிறவரிடம் அப்பா இந்தக் கத்தியைக் கொடுத்ததே இல்லை. பட்டறை ஆசாரியின் கட்டளை அது. "சக்கரத்துல குடுக்காதீங்க, நீலம் பாஞ்சா போச்சு" என்பார் அவர். சொல்வது சரிதான். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதால் வருகிற கடினம், மெல்லிய விளிம்பு மறுபடி சூடேறினால் இறங்கிவிடும். நீல நிறம் ஓடுவது ஏறக்குறைய 300 டிகிரியில். அதற்கப்புறம் கத்தி தீட்டியவுடன் வெட்டும், மறுநாள் மழுங்கும். எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் 1893-இல் காப்புரிமை பெற்ற கார்போரண்டம்தான் இப்போது இரும்புக் கடையில் கிடைக்கும் இருமுகச் சாணைக்கல்லின் பொருள். அதில் தண்ணீர் விட்டுக் கையால் தீட்டினால் சூடே ஏறாது, நேரம்தான் ஆகும்.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. கருக்கரிவாளுக்குக் கருக்கு வைக்க ஆள் வரிசையில் நின்ற இடம் அது. அறுவடை மெஷின் வயலில் இறங்கியதும் அரிவாள் பரணுக்குப் போனது. அரிவாளை நம்பி எரிந்த உலை அணைந்தது. நாலு மடக்குக்கத்திகளுக்காக யாரும் உலை மூட்டிக்கொண்டிருக்க முடியாது.

மடக்குக்கத்தி என்றதும் பலருக்குச் சினிமா ரவுடிதான் நினைவுக்கு வருகிறான். இதே மயிலாடுதுறையில், அன்றைய மாயூரத்தில், அது படித்தவர்களின் இடுப்பில் இருந்த பொருள். உ.வே. சாமிநாதையர் 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தது அங்கேதான். பிள்ளையவர்கள் செய்யுட்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார்; மாணவர் ஒருவர் ஓலையில் எழுதிக்கொண்டே வருவார். அந்தக் காலத்து எழுத்தாணிகளில் மடக்கெழுத்தாணி என்று ஒரு வகை. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை வாரி நறுக்கக் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். 'என் சரித்திர'த்தில் ஐயர் எழுத்தாணி வகைகளைச் சொல்லியிருக்கிறார். எனக்கு வியப்பு இதில்தான்: பக்கத்திலிருக்கும் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் அச்சகம் 1715-லேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் மாயூரத்தில் எழுத்தாணி வேலையில் இருந்தது. கைக்கு அடங்கிய கருவியை மனிதர்கள் லேசில் கீழே வைப்பதில்லை.

அப்படியானால் நம் காலத்தில் மட்டும் ஏன் வைத்தார்கள்? சட்டத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. ஆயுத விதிகள் கவலைப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றி. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கானவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். பாக்குச் சீவும் கத்தி அந்தக் கணக்கிலேயே வராது. என்னைக் கேட்டால் உண்மையான காரணம், தட்டி உடைத்துப் போடும் கட்டர் பிளேடு. ஜப்பானின் ஒசாகாவில் ஒகாடா என்பவர் 1956-இல் கண்டுபிடித்தது. நுனி மழுங்கினால் உடைத்து எறி, அடுத்த நுனி தயார். கெட்டிக்காரத்தனமான யோசனை, மறுக்க மாட்டேன். ஆனால் தீட்டுவது என்ற வேலையை அது மனிதன் கையிலிருந்து எடுத்துவிட்டது. தீட்டாத பொருளின் மேல் யாருக்கும் பாசம் வராது. பாசம் இல்லாத பொருள் பத்து ரூபாய்க்கு வாங்கப்பட்டுப் பத்து நாளில் காணாமல் போகும்.

எங்கள் ஊரில் சஷ்டியப்தபூர்த்தியோ சதாபிஷேகமோ நடக்காத நாள் அரிது. போன தை மாதம் உறவுக்காரர் ஒருவரின் அறுபதாம் கல்யாணம். நூல் சுற்றிய கலசங்கள் வரிசையாகத் தயார். மாலைகள் வந்த கூடை மட்டும் நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. "அண்ணே, கத்தி இருக்கா?" என்று மண்டபம் முழுக்க ஒரு பையன் ஓடினான். ஒருவர் பல்லால் கடித்துப் பார்த்தார். போட்டோக்காரரின் கட்டர் முதல் அழுத்தலிலேயே உடைந்து தெறித்தது. நான் மடியிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தேன். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும், கொடுத்தால் சண்டை வரும் என்பது வீட்டுப் பெரியவர்கள் சொன்னது. சண்டையை விடுங்கள், விரல் அறுபடாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. பையனுக்கு முந்திக்கொண்டு எடுத்தவர் மாப்பிள்ளையேதான். பட்டு வேட்டியும் ஈரத் தலையுமாக நின்றவர், அலகைத் திறந்ததும் கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்கே வைத்துத் தடவிப் பார்த்தார். நீளவாக்கில் தடவினால் அறுக்கும். குறுக்கேதான் கூர் தெரியும். வேலைக்காக வெளியூர் போய்க் கத்தியையே தொடாமல் காலம் தள்ளியவர் அவர். அந்தப் பழக்கம் மட்டும் விரலில் இருந்தது. கயிறு ஒரே இழுப்பில் விட்டது. "நல்லா வச்சிருக்கீங்க மாமா" என்று சொல்லி, அவரும் பலகைமேலேதான் வைத்தார்.

நல்லபடியாக வைத்திருக்க அதிகம் வேண்டாம். புளிப்பு எதை நறுக்கினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். கீலுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகி மடக்க விடாது. கொம்புப் பிடி காய்ந்தால் வெடிக்கும், அதற்கும் அதே எண்ணெயை விரலால் தேய்த்தால் போதும். சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து ஒரு நாள் ஓய்வு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஈரச் சந்தனத்தை மறுநாளே துடைப்பதும் அதில் சேர்த்தி.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் அலகைப் பாதி திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். மூன்று அங்குலத்துக்கு மேல் நீளம் எந்த வேலைக்கும் தேவைப்படாது. விமானத்தில் போகிற நாளில் மட்டும் நினைவாகப் பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்பிவிடுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனை மேசையோடு அது போயிற்று.