சொன்னது நான்தான்

என் மனைவியின் தம்பி மனச்சோர்வு மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவிட்டான் என்பதுதான் எங்கள் குடும்பத்தில் இன்னும் நடமாடும் கதை. தன்னிஷ்டத்துக்கு இல்லை. நிறுத்தச் சொன்னவன் நான். மருத்துவம் படித்தவன் அல்லன். சிங்கப்பூரின் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் ரோட்டுப் பக்கம், ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன்.

மூளையைப் பற்றி யார் எதை எழுதினாலும் படித்துவிடுவேன். படித்ததை உடனே யார் தலையிலாவது கொட்டியும் ஆக வேண்டும். மனைவி கோபித்தால் "உனக்குக் கார்ட்டிசால் ஏறிப்போச்சு" என்பேன். மகள் கைப்பேசியும் கையுமாக இருந்தால் டோபமின் பாடம். இதில் ஒரு வசதி உண்டு. எதிரில் இருப்பவர் சொல்லும் நியாயத்துக்குப் பதில் தேட வேண்டாம், அவருடைய சுரப்பியைக் குறை சொன்னால் போதும். வீட்டில் யாரும் என்னிடம் வாதாடுவதை விட்டுவிட்டார்கள். அதையும் என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

மைத்துனனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, குளிக்கக்கூட எழ முடியாமல் போனபோது அவனே மருத்துவரிடம் போனான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 2016 ஆய்வுப்படி இங்கே ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனநிலை, பதற்றம் அல்லது மது தொடர்பான கோளாறு வந்திருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் எந்த உதவியையும் நாடியதில்லை. இவன் நாடினான். சிரோட்டோனினைக் கூட்டும் வகை மாத்திரை கொடுத்தார்கள், மெல்லத் தேறினான். ஆனால் மாத்திரை அட்டையை மீனெண்ணெய் டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தான். அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

2022 ஜூலை. சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மாடியிலுள்ள உணவங்காடி நிலையத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். "அத்தான், இதை எத்தனை நாளைக்குத்தான் சாப்பிடுறது? நிறுத்திடலாமா?" என்று கேட்டான். "டாக்டரைக் கேளு" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் கேட்க ஆள் கிடைத்துவிட்டானே.

அபினில் ஆரம்பித்தேன். பக்கத்துப் பகோடா ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் அபின் புகைக்கும் கூடங்கள் இருந்தன. மூட்டை சுமந்த, ரிக்‌ஷா இழுத்த சீனக் கூலிகள் உடல்வலியையும் ஊர் ஏக்கத்தையும் அங்கே போய்த் தணித்துக்கொண்டார்கள். 1910இல் அரசாங்கமே அபின் வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் காலனி வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபின் பணம். மூளையும் அபின் போன்ற பொருள்களைத் தானே சுரக்கிறது, அவை போய் ஒட்டும் இடங்களில்தான் அபினும் ஒட்டுகிறது என்பது 1970களில்தான் தெரியவந்தது. இதையெல்லாம் சொன்னேன். அவன் கண் விரியக் கேட்டான். கேட்கக் கேட்க எனக்கும் ஏறியது.

அடுத்தது சர்ப்பகந்தி. இந்தியாவில் நாட்டு வைத்தியர்கள் பித்துக்குக் கொடுத்துவந்த வேர். 1952இல் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். இரத்தக் கொதிப்புக்காக அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் துவண்டுபோனதாக மருத்துவர்கள் எழுதினார்கள். மூளையில் சிரோட்டோனின் முதலியவற்றின் கையிருப்பை ரெசர்பின் கரைத்துவிடும் என்று ஆய்வகங்கள் கண்டன. அதே ஐம்பதுகளில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் நோயாளிகளை உற்சாகப்படுத்தியது; அந்தப் பொருள்கள் சிதையாமல் காப்பது அதன் வேலை. இரண்டையும் சேர்த்துப் பிறந்ததுதான், குறைந்தால் சோர்வு, கூட்டினால் தெளிவு என்ற கோட்பாடு. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான விஷயம் உண்டா? மனத்துக்கும் பற்று வரவு.

பிறகு கைப்பேசியை எடுத்து அப்போதைய செய்தியைக் காட்டினேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஜோன்னா மான்கிரீஃபும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டு ஆய்வுகளை அலசி, சிரோட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். "பாத்தியா? ஐந்தொகையே தப்பு. இல்லாத கடனுக்கு வட்டி கட்டிக்கிட்டிருக்கே. நல்லா நட, நல்லாத் தூங்கு, சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி, அத்தான்" என்றான்.

நான் படித்திருந்தது தலைப்பும் முதல் இரண்டு பத்தியும். அந்தக் கட்டுரை மாத்திரை பலன் தருகிறதா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. அது வேறு கேள்வி. 21 மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளைத் தொகுத்து 2018இல் லேன்செட் இதழில் வந்த ஆய்வில், பெரியவர்களின் மனச்சோர்வு நோய்க்கு அத்தனை மருந்தும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தது. பிரமாதமாக இல்லை, எல்லாருக்கும் இல்லை, ஆனாலும் மேல். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சிரோட்டோனின் மாறிவிடும், மனம் தேறவோ வாரக்கணக்காகும். இது எனக்கு முன்பே தெரியும். பற்று வரவு அவ்வளவு நேரானதாக இருந்தால் இந்தத் தாமதம் எப்படி வரும் என்று ஒருமுறை யோசித்திருந்தால் இரண்டு பக்கமும் பேசாமல் வாயை மூடியிருப்பேன். மாதக்கணக்கில் மருந்துக்குப் பழகிய மூளையிலிருந்து அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் பார்வையில். அதை நான் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது என்பதே உண்மை.

மறுநாளே நிறுத்திவிட்டான். சீக்கிரமே தலைச்சுற்றல், குமட்டல். "தலைக்குள்ள கரண்ட் அடிக்குற மாதிரி இருக்கு, அத்தான்." திடீரென்று நிறுத்துகிறவர்கள் பலரும் சொல்லும் அதே வார்த்தை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கோ "மருந்து இறங்குது, தாங்கிக்க" என்றேன். என் தவறுகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். முதலில் சொன்னது அரைகுறை அறிவு. இது அப்படி இல்லை. தப்பாகிறது என்று உள்ளுக்குள் தெரிந்தும், என் பேச்சு பொய்த்துவிடக் கூடாது என்று சொன்னது.

பின்னாலேயே பழைய நோயும் வந்தது. ஓர் இரவு அக்காவைக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றான். அப்படிப்பட்ட நேரத்துக்கு சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண் இரவும் பகலும் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். இவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. டோபமினைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

மருத்துவமனையில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள். "நானாத்தான் நிறுத்தினேன்" என்றான். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீபாவளிக்கு மாமியார் வீட்டில் எல்லாரும் அவனைப் பொறுப்பில்லாதவன் என்றார்கள். நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்குத் தூக்க உபதேசம் செய்த அந்த மாதங்களில் நான் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் கெட்டிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின்தான் நமக்குத் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. அது ஒட்டவேண்டிய இடத்தைக் காஃபீன் மறித்துக்கொள்ளும். குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். தூங்காமல் எழுந்து எல்லார்மேலும் எரிந்து விழுவேன். அதற்கும் கார்ட்டிசால் என்று பெயர் வைப்பேன். இப்போது மதியத்தோடு கோப்பி முடிந்தது. வேலை விட்டதும் பேர்ல்ஸ் ஹில் பூங்காவில் ஏறி இறங்குகிறேன். சில நாள் நேரே வீட்டுக்குப் போகாமல் கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் கிழவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு காயும் புரியாது, ஆனால் அலுவலகம் தலையைவிட்டு இறங்கிவிடும். எனக்கு இது போதுமாக இருக்கிறது, ஏனென்றால் எனக்கு இருந்தது வேலைச் சுமை. அவனுக்கு இருந்தது நோய். படுக்கையைவிட்டு எழ முடியாதவனிடம் மலை ஏறச் சொல்லியிருக்கிறேன்.

மனைவியிடம் சென்ற வாரம்தான் சொன்னேன். திட்டவில்லை. "அன்னிக்கு முறுக்கு தின்னப்பவும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன்.

இதை எழுதட்டுமா என்று அவனிடமும் கேட்டேன். "எழுதுங்க அத்தான். ஆனா அந்த அபின் கதைய விட்டுடாதீங்க, நல்லா இருந்துச்சு" என்றான். மாத்திரை அளவைக் குறைப்பது பற்றி அவனும் மருத்துவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. என்னிடம் அவன் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.