தங்கம் தோண்டிய ஊரில் திராட்சை மணம்!

“ஒயின் பண்ற இடத்தைப் பார்க்கப் போகலாம்” என்று மகன் சொன்னதும் அப்பா பதில் பேசவில்லை. அம்மாதான், “அதெல்லாம் நமக்கெதுக்குப்பா, கோயில் ஏதாவது இருந்தா சொல்லு” என்றார்.

திருவண்ணாமலை திருமஞ்சன கோபுரத் தெருவிலிருந்து மகன் வீட்டில் மூன்று மாதம் இருக்க மெல்போர்ன் வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி அவர்கள். ஆசிரியருக்கு ஒரு தம்பி இருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்ணனோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு, மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றவர். நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் குடியைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைசியில் பேரன்தான் ஜெயித்தான். அந்த ஊரில் ஒரு கோட்டை இருக்கிறதாம்!

ஊரின் பெயர் ரூதர்க்ளென். மெல்போர்னிலிருந்து வடகிழக்கே சுமார் 280 கிலோமீட்டர். ஹியூம் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஊர் நெருங்கும்போதே ராட்சத ஒயின் பாட்டில் வடிவம் தாங்கிய பழைய தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. “நம்ம ஊர்ல ராஜகோபுரம் தெரியுற மாதிரி” என்று மகன் ஆரம்பிக்க, “சும்மா வண்டிய ஓட்டு” என்று அம்மா அதட்டினார்.

இங்கே முதலில் கூட்டம் வந்தது ஒயினுக்காக அல்ல, 1860-ல் கிடைத்த தங்கத்துக்காக. ஆனால், அதற்குள்ளேயே சிலர் திராட்சைக் கொடி நட ஆரம்பித்திருந்தார்கள். சேம்பர்ஸ் குடும்பம் 1858-லும், மோரிஸ் குடும்பம் 1859-லும் தொடங்கிய ஒயின் ஆலைகள் இன்றும் இயங்குகின்றன. தங்கம் தீர்ந்துபோனது, கொடி நின்றது. அதற்கும் 1899-ல் சோதனை வந்தது. ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி வேரைத் தின்று தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் மறுபடி எழுந்தார்கள்.

பேரன் கேட்ட கோட்டை, முர்ரே ஆற்றங்கரையில் 1864-ல் தொடங்கப்பட்ட ஆல் செயின்ட்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள், அங்குள்ள மே கோட்டையை மாதிரியாக வைத்துச் செங்கல்லில் கட்டியது. வாசல்வரை இருபுறமும் எல்ம் மரங்கள். ஏப்ரல் மாதம் என்பதால் இலைகள் பழுத்திருந்தன. குழந்தைகள் புல்வெளியில் ஓடுகிறார்கள், பாட்டிகள் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் மதுக்கடை என்றதும் மனதில் வரும் பச்சை வலையும் முட்டல் மோதலும் இங்கே இல்லை. அதுவே ஆசிரியருக்குச் சங்கடமாக இருந்தது போலும். மரத்தடி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வளாகத்தில் அவசியம் பார்க்க வேண்டியது கோட்டையைவிடச் சின்னதாக ஒன்று உண்டு. தோட்டத்தில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் படுத்துறங்கிய தங்குமிடம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அங்கே நிற்கும்போது அதிகம் விளக்க வேண்டியிருக்காது. ஆசிரியர் பெஞ்சைவிட்டு எழுந்தது இதைப் பார்க்கத்தான். அப்படியே மருமகள், “உள்ள பீப்பாயெல்லாம் இருக்காம் மாமா, வாங்க” என்று கூப்பிட, தட்ட முடியாமல் நடந்தார்.

வழியில் கொடியில் விட்டுவைத்திருந்த சில குலைகளைப் பார்த்தார்கள். பழம் சுருங்கிப் பாதி உலர் திராட்சையாகியிருந்தது. பழுத்துவிட்டதென்று உடனே பறிப்பதில்லை. நீர் வற்றிச் சர்க்கரை ஏறும்வரை காத்திருக்கிறார்கள். ரகம், பழுப்பு மஸ்கட். அம்மா குனிந்து முகர்ந்து பார்த்து, “பன்னீர் திராட்சை வாசம்!” என்றார். சரியாகத்தான் சொன்னார். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட் வம்சம்தான், மஸ்கட் ஹாம்பர்க். கம்பத்தில் வருஷம் முழுக்கக் காய்க்கும். இங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை.

பறித்த பழத்தைப் பிழிந்து நொதிக்க விடுகிறார்கள். நொதித்தல் பாதியில் இருக்கும்போதே அதில்... மகன் இங்கே தயங்கினான். எந்தச் சொல்லைப் போட்டாலும் அது அந்தச் சொல்தான். “திராட்சையிலேர்ந்து காய்ச்சி வடிச்ச சாராயம் சேர்ப்பாங்கப்பா.”

ஆசிரியர் முகம் மாறவில்லை. “எதுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

சாராயத்தின் வீரியத்தில் நொதிக்க வைக்கும் ஈஸ்ட் செத்துப்போகும். பழத்தின் சர்க்கரை பாக்கி நிற்கும். ஆல்கஹால் 17, 18 சதவிகிதத்துக்கு ஏறிவிடுவதால் சீக்கிரம் கெடாது. கப்பல் காலத்தில் இந்த உத்திக்குப் பெரிய மதிப்பு. மதேய்ரா தீவில் இப்படி வலுவூட்டிய ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இந்தியா வந்தன. வெப்பமண்டலக் கடலைத் தாண்டி வந்த சரக்கு முன்பைவிட ருசிப்பதைக் கண்டுபிடித்தார்கள். மதராஸ் கோட்டை வெள்ளைக்காரர்களின் மேஜையில் இருந்ததும் அந்த மதேய்ராதான்.

ரூதர்க்ளெனில் கப்பல் செய்த வேலையைத் தகரக் கொட்டகையின் வெக்கை செய்கிறது. பழைய ஓக் பீப்பாய்க்குள் ஒயின் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, இளஞ்சிவப்பு நிறம் போய்க் கரும்பழுப்பாகிறது, பாகுபோல் இறுகுகிறது. மிகப் பழைய பீப்பாய்களை முழுதாகக் காலி செய்வதே இல்லை. கொஞ்சம் எடுத்தால் இளசைக் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். “உறை மோர் மாதிரி” என்றார் அம்மா. இதைவிட எளிதாக யாரும் விளக்கிவிட முடியாது.

வயதைப் பொறுத்து நான்கு படிகள்: ரூதர்க்ளென், கிளாசிக், கிராண்ட், ரேர். கடைசிப் படியில் சராசரி வயது 20 ஆண்டுக்குக் குறையாது. சின்ன பாட்டிலே நூறு டாலரைத் தாண்டும். 1950-கள் வரை ஆஸ்திரேலியாவில் ஒயின் என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். பிறகு சாப்பாட்டோடு குடிக்கும் லேசான ஒயினுக்கு ஊர் மாறிவிட்டது. அதற்குப் பிறகும் இங்குள்ள குடும்பங்கள் பீப்பாய்களை விற்றுத் தொலைக்காமல் காத்தார்கள்.

சுவைக்கும் மேஜையில் கட்டைவிரல் உயரத்துக்குத்தான் ஊற்றுகிறார்கள். பிடிக்காவிட்டால் துப்பப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டும் மகன் தொடவில்லை. ரத்தத்தில் 0.05 சதவிகிதத்தை எட்டினால் இங்கே உரிமம் போய்விடும். மருமகள் ஒரு வாய் குடித்து, “பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் சேர்த்த மாதிரி இருக்கு அத்தே” என்றார். ஆசிரியர் கிளாஸை வாங்கி முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார். பிறகு அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, ஊற்றிக்கொடுத்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: “இந்தப் பீப்பாயை முதல்ல நிரப்பினவர் இதைக் குடிச்சிருப்பாரா?”

அவள் சிரித்தபடி தலையாட்டினாள். இல்லை, அது பேரப்பிள்ளைகளுக்கு.

“அவன் ஒருநாள்கூடப் பொறுத்ததில்ல” என்றார் ஆசிரியர், தமிழில். யாரைச் சொல்கிறார் என்று மகனுக்குப் புரிந்தது. தம்பி இறந்தபிறகு அவரைப் பற்றி அப்பா வாய் திறந்தது அன்றுதான்.

மகன் ஒரு சின்ன பாட்டில் வாங்கினான். காரில் ஏறும்போது பின்சீட்டில், பேரன் பக்கத்தில் வைத்தான். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துப்போய் டிக்கியில், அம்மாவின் சால்வைக்கு அடியில் வைத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.