இழுத்துப் பார்க்கும் முன்பே

வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஒரு பெட்டிக்கடையில் சுருட்டு கேட்டேன். "சாமிக்குங்களா, குடிக்கறதுக்குங்களா?" என்றார் கடைக்காரர். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரமான அந்தப் பகுதியில் பேச்சு இன்னும் கொங்குத் தமிழ்தான். இடுக்கியின் ஓரமான போடிமெட்டிலும் ஏறக்குறைய இதே கேள்விதான் வந்தது. ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலைக்கு வந்த தமிழர்கள் முனியாண்டியையும் கருப்பசாமியையும் கூடவே கூட்டி வந்தவர்கள். அந்தச் சாமிகளுக்குப் படையலில் சுருட்டு இல்லாமல் ஆகாது.

இந்த எல்லைக்குப் புகையிலையால் பழைய பகை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனி கோயம்புத்தூர் விவசாயியிடம் தான் வைத்த விலைக்கு இலையை வாங்கி, மலபாரில் பல மடங்கு ஏற்றி விற்றது. வேறு யாரும் விற்கக் கூடாது. தெற்கே திருவிதாங்கூரும் புகையிலையைத் தன் ஏகபோகமாகவே வைத்திருந்தது. திவான் மாதவ ராவ் காலத்தில், 1863இல்தான் அது ஒழிந்தது. அரசுகளே இப்படி அடித்துக்கொண்ட சரக்கு இன்று பெட்டிக்கடையில் ஊதுபத்திக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

கடைக்காரர் கொடுத்த கட்டு திருச்சியிலிருந்து வந்தது. குடிக்கிற சுருட்டு எது, நல்ல சுருட்டு எது என்று தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றுகிறவர்களிடம்தான் போக வேண்டும். உறையூருக்குப் போனேன்.

சர்ச்சில் திருச்சிச் சுருட்டுதான் குடித்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு அதைவிட ஷெர்லாக் ஹோம்ஸ்தான் பிடிக்கும். 1887இல் வெளிவந்த முதல் நாவலிலேயே தரையில் கிடந்த கறுப்புச் சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார்.

பட்டறை என்பது ஓர் ஓட்டு வீட்டின் முன்கூடம். உள்ளே கால் வைத்ததுமே மூக்கு எரிந்தது. இலை திண்டுக்கல் பக்கத்துச் சரக்கு. வெயிலில் காய்ந்து, குவியலாக அடுக்கப்பட்டு, தன் சூட்டிலேயே புழுங்கி, திருப்பித் திருப்பிப் போடப்பட்டு வந்திருக்கிறது. பச்சை வாடை போய்ப் புளித்த வெல்லத்தின் வாடை வரும்வரை அந்தப் புழுக்கம் நடக்க வேண்டும். அவசரப்பட்டால் சுருட்டு தொண்டையைக் கிழிக்கும்.

பலகை முன் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் மூடியிருந்த இலையை எடுத்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். "இது பதம் பத்தாது தம்பி, சுத்துறப்பவே ஒடியும்" என்று திரும்பப் போட்டார். அடுத்ததன் நடு நரம்பை நுனியில் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தார். துண்டு இலைகளை உள்ளங்கையில் நீளவாக்கில் சேர்த்தார். அதில்தான் வித்தை இருக்கிறது: ஒரு இலை மடங்கிக் குறுக்கே கிடந்தாலும் காற்று போகாது. மேலே சுற்றும் இலைக்கு ஓட்டை, தடித்த நரம்பு, பச்சைத் திட்டு எதுவும் ஆகாது. சாய்வாகச் சுற்றி, நுனியில் துளி பசை தொட்டு ஒட்டி, இரண்டு பக்கமும் நறுக்கி வைத்தார். எல்லாம் நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள்.

பிறகு நடந்ததுதான் நான் தேடிப்போன பரிசோதனை. சுற்றியதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார். நடுவில் கெட்டியாக இருந்தால் அங்கே நெருப்பு நின்றுவிடும். மெத்தென்று இருந்தால் குபுகுபுவென்று எரிந்து வாய் வெந்துவிடும். சந்தேகம் வந்த ஒன்றிரண்டை மட்டும் பற்றவைக்காமல் இழுத்துப் பார்த்தார். மற்றதெல்லாம் விரலிலேயே முடிந்துவிட்டது. வெளிநாட்டுச் சுருட்டு ரசிகர்கள் சாக்லேட், தோல், தேவதாரு என்று சுவைப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலை எழுதுகிறவருக்கு முன்பே மதிப்பெண் போடுகிற இந்த விரல்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஒன்றைக் குடித்துப் பார்த்தேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் நிறுத்தி விட வேண்டும். முதலில் ஈர மண், அப்புறம் மிளகுக் காரம், பாதிக்கு மேல் கருகிய வெல்லம். சாக்லேட் எல்லாம் இல்லை. நெருப்பு வட்டம் ஒரு பக்கமாகச் சாயாமல் இறங்கியது. கருஞ்சாம்பல் செதில் செதிலாக உதிர்ந்தது, ஹோம்ஸ் சொன்னபடியே. எரிவது சுற்றுகிறவர் கையில் மட்டும் இல்லை. உப்புத் தண்ணீர் பாய்ச்சிய இலையில் குளோரைடு ஏறிவிடும், எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் அணைந்து அணைந்து போகும். அந்த இலை வாயில் போட்டு மெல்லத்தான் லாயக்கு. வேடசந்தூரில் 1948 முதல் இருக்கும் புகையிலை ஆராய்ச்சி நிலையம் சுருட்டுக்கும் மெல்லுவதற்கும் உரிய ரகங்களைப் பார்க்கிறது.

நெஞ்சுக்குள் போகாவிட்டாலும் விஷம் விஷம்தான், வாய்ப் புற்றுக்கு அதுவே போதும். கேரள உயர் நீதிமன்றம் 1999இலேயே பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாளெல்லாம் இலைத் தூசியில் மூச்சு விடுகிற இந்த அம்மா ஒரு சுருட்டும் குடித்ததில்லை. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966இல் தனிச் சட்டமே வந்தது. அதன் பெயரை இங்கே யாரும் உச்சரிக்கக் கேட்கவில்லை. கூலி நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. விரல் பார்த்துக் கழித்தது அந்த நூறில் சேராது.

கழித்த சுருட்டுகள் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சாமிக்குப் போயிரும் தம்பி. கம்பத்துக்காரரு வந்து வாங்கிட்டு மலைக்கு ஏத்திருவாரு."

"சாமிக்கு மட்டமானதையா கொடுக்கிறது?"

"மேல் இலை நல்லாத்தானே இருக்கு? அவரு இழுத்துப் பாத்தா சொல்லப் போறாரு" என்று அடுத்த இலையை எடுத்தார்.