வாடகையும் வழிச்செலவும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த நம் முன்னோர், வாடகைக்கு வீடு தேடிப் பார் என்பதையும் அதனோடு சேர்க்காமற் போனார்கள். மாதந்தோறும் மின்கட்டணப் பட்டியல் வராத காலத்தில் அவர்கள் வாழ்ந்ததே அதற்குக் காரணமாயிருக்கலாம். வீடு கட்டுகிறவனுக்குக் கடன் ஒன்றே கவலை. வாடகைக்குப் போகிறவனுக்கோ வீட்டுக்காரரின் முகக்குறிப்பு முதல் பஸ் தரிப்பிடத்தின் தூரம் வரை யாவும் கவலை. ‘வாடகை எவ்வளவு?’ என்று நாம் கேட்கிறோம்; கிடைக்கும் விடையையே வீட்டின் விலையெனக் கொள்கிறோம். அவ்விடை பாதி விலைதான் என்பது குடியேறி மூன்றாம் மாதத்திலேதான் பெரும்பாலோருக்குப் புலப்படுகிறது.

மாத்தளை நகரிலிருந்து கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி 12 கிலோமீற்றர் அளவில் சென்றால் இரத்தோட்டை. மிளகும் கராம்பும் ஏலமும் விலைபேசப்படும் கடைத்தெரு; அதனைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள்; அப்பால் ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வளைந்த பாதை. இவ்வூர்க் கல்லூரியொன்றிற் புவியியல் கற்பிப்பது என் தொழில். என் மனைவிக்குக் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் உத்தியோகம். மகன் படிப்பது மாத்தளையில். ஒரே கூரையின்கீழ் உறங்கி, விடிந்ததும் வெவ்வேறு தூரங்களுக்குப் பிரிந்து செல்லும் இத்தகைய குடும்பங்கள் மலைநாட்டில் இன்று அநேகம். நாங்கள் எங்கே குடியிருப்பது என்பதே பல மாதங்களாக எங்கள் இராச்சாப்பாட்டு வேளையின் சம்பாஷணையாக இருந்தது.

2025 ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு விடுமுறை நாளில் இதற்கொரு கணக்கு எழுதினோம். இரத்தோட்டையில் நாங்கள் இருந்த வீட்டிற்கு வாடகை 15,000 ரூபா. மாத்தளையில் பார்த்துவைத்த வீட்டிற்கு 27,000. கண்டியில், நகரத்துக்குச் சற்று வெளியே, 48,000. இம்மூன்று எண்களை மட்டும் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனால் இரத்தோட்டையிலிருந்து மனைவி கண்டிக்குப் போய்வர இரண்டிரண்டாக நான்கு பஸ். மாதம் 8,800 ரூபா. மகனுடைய பாடசாலை வானுக்கு 8,000. தண்ணீர் மலையூற்றிலிருந்து குழாய்வழி வருவது. அதற்குக் கொடுப்பது 350 ரூபாதான். மிளகுக்கொடிக்குத் தாங்குமரமாக நிற்கும் சீமைக்கிளுவையின் கிளைகளை ஆண்டுதோறும் வெட்டுவார்கள். அவ்விறகு அடுப்பெரிக்கப் போதும் என்பதால் எரிவாயுச் சிலிண்டர் ஒன்று இரண்டு மாதம் வரும். மாதத்துக்கு 1,850 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 34,000 ரூபா.

மாத்தளை வீடோ மேல்மாடி, விறகடுப்புக்கு அனுமதியில்லை. மாதமொரு சிலிண்டர், 3,700. நீர்வழங்கல் சபைத் தண்ணீருக்கு 1,000. மனைவியின் பஸ் 5,500 ஆகக் குறையும். நான் நாள்தோறும் இரத்தோட்டைக்கு வரவேண்டும் என்பதால் எனக்கு 3,200 ஏறும். மகன் நடந்தே போவான். கூட்டினால் 40,400. வாடகையில் 12,000 ரூபாவாகத் தெரிந்த வேற்றுமை, முழுக்கணக்கில் 6,400 ஆகச் சுருங்கிற்று. கண்டிக் கணக்கு 60,000 ஐத் தாண்டியதால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டோம்.

மின்கட்டணத்தை நான் இக்கணக்கிற் சேர்க்கவில்லை. தனி மின்மானி உள்ள வீடாயின் எங்கிருந்தாலும் அது ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ‘தனி மின்மானி உள்ள வீடாயின்’ என்ற நிபந்தனையை வீடு தேடுவோர் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்ததை எந்தக் குடும்பமும் மறந்திராது. பின்னர் சிலமுறை குறைந்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, ஜூனில் 15 வீதம் மறுபடி ஏறியது. ஏற்ற இறக்கம் எப்படியாயினும் படிமுறை மாறவில்லை. மாதம் 60 அலகுக்குள் அடங்குவோருக்கு ஒரு விலை. 60 ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு விலை. படி ஏற ஏற நிலையான கட்டணமும் ஏறும். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரே மின்மானியைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் நடப்பது யாதெனில், ஆளுக்கு 55 அலகு செலவிட்ட இரு சிக்கனமான குடும்பங்கள் சேர்ந்து 110 அலகு செலவிட்ட ஓர் ஊதாரிக் குடும்பமாகப் பட்டியலில் தோன்றுகின்றன. மாத்தளையில் நாங்கள் முதலிற் பார்த்த வீடு இத்தகையது. வாடகை 3,000 ரூபா குறைவு என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். மின்மானி எங்கே என்று கேட்டதும் அவர் முகம் மாறிற்று. நாங்கள் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம்.

நிற்க. ரூபா நிரலுக்குப் பக்கத்தில் மணித்தியால நிரல் ஒன்றும் வேண்டுமல்லவா? அதை எழுதும்படி பென்சிலை மனைவியிடம் கொடுத்தேன். காலை 5.15 க்கு வீட்டை விட்டால் மாலை 6.45 க்குத் திரும்புகிறவள் அவள். வீதியில் மட்டும் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம். கண்டி நெடுஞ்சாலையில் அக்குறணைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையே வாகனங்கள் ஊர்வதைப் பார்த்தவர்கள் இதனை நம்புவார்கள். பிங்கா ஓயா பெருகி அக்குறணை நீரில் மூழ்கும் நாட்களுக்குக் கணக்கே கிடையாது. மாத்தளையில் இருந்தால் அது இரண்டரை மணித்தியாலமாகும்; மாதத்தில் 33 மணித்தியாலம் அவளுக்கு மிச்சம். ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றும் வானிற் கழியும் மகனுடைய பொழுதில் 30 மிச்சம். பத்து நிமிடம் நடந்து கல்லூரிக்குப் போன எனக்கோ 20 நட்டம். ஆகக் குடும்பத்துக்கு 43 மணித்தியாலம் இலாபம். அதன் விலை 6,400 ரூபா. வகுத்துப் பார்த்தால் மணித்தியாலம் ஒன்று ஏறத்தாழ 150 ரூபா.

“காசு மிச்சம் பிடிச்சா பேங்குல போடலாங்க. இந்த முப்பத்திமூணு மணித்தியாலத்த எதுல போட்டு வைக்கிறது?” என்று அவள் கேட்டாள். பரிகாசமா, உண்மையான கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்றிரவு மகன் தூங்கிய பின்னரும் அவள் மறுநாட் சமையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் நான் கற்பிக்கும் பாடமும் இதுவே. நகரத்திலிருந்து தூரம் கூடக் கூட நிலத்தின் வாடகை குறையும், கொண்டுசெல்லும் செலவு கூடும் என்பதை 1826 இல் வொன் தூனன் என்ற ஜேர்மானியப் பண்ணையாளர் விளைபொருள்களை வைத்து விளக்கினார். 1964 இல் வில்லியம் அலொன்சோ அதனை நகரத்து வீடுகளுக்குப் பொருத்தினார். உயர்தர மாணவர்கள் வட்டம் வட்டமாகப் படம் வரைந்து புள்ளி வாங்கிவிடுவார்கள். ஆயினும் அந்த வட்டங்களின் நடுவே சந்தை ஒன்றுதான். ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று சந்தை இருந்தால் என் செய்வது என்பதற்கு அப்படத்தில் இடமில்லை. யாருடைய பயணம் குறைய யாருடைய பயணம் கூடுவது என்பதையும் படம் சொல்லாது.

இந்தக் கணக்கு எதுவுமே தேவைப்படாத வீடொன்று எங்கள் மலைநாட்டில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதுதான் லயக் காம்பரா. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியே காடுகளூடாக மாத்தளைக்கு நடந்துவந்த எங்கள் மூதாதையரிற் பலர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 இல் கோப்பியை இலைநோய் பற்றிக்கொண்டது. அதன்பின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே ஆட்களை மலையிலேயே இருத்திவைக்க லயங்கள் பெருகின. வாடகை இல்லை, வழிச்செலவு இல்லை, பிரட்டுக்களம் கூப்பிடு தூரம். வொன் தூனன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஆனால் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்பதே அதற்குக் கொடுத்த வாடகை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் போன பின்னரும் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் எழுதப்படவில்லை.

என் தகப்பனார் இன்னமும் அத்தகைய காம்பராவிலேதான் இருக்கிறார். தம்பி மகன் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்வதால் அது குடும்பத்தின் கையில் நிற்கிறது. அவனுடைய தங்கையோ அதே காம்பராவிலிருந்து காலையில் இறங்கி, மாத்தளையில் ஒரு புடைவைக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். வேலைக்கு அருகில் ஆளை வைப்பதற்காகக் கட்டிய வீடு, இன்று வேலைக்குத் தொலைவிலுள்ள மலிவான வீடாகிவிட்டது. லயத்தின் இஸ்தோப்பில் நின்று பார்த்தால் முதல் பஸ்ஸுக்கு இறங்கும் இளைஞர்களின் கைத்தொலைபேசி வெளிச்சம் தேயிலைக்கூடாக வரிசையாகப் போவது தெரியும். 2015 முதல் ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு கொடுக்கும் திட்டம் வந்தது நல்லதே. அக்காணி பஸ் வீதிக்கு எவ்வளவு தூரத்தில் அளக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கும்படி என் பழைய மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

எங்களோடு மாத்தளைக்கு வந்துவிடும்படி தகப்பனாரை அழைத்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. “நீங்க போங்க தம்பி. இங்கன எனக்கு எல்லாம் நடந்து போற தூரம்” என்றார். அவர் சொன்ன ‘எல்லாம்’ என்பதில் கோயில், தேநீர்க்கடை, அம்மாவைப் புதைத்த இடம் ஆகிய மூன்றும் அடங்கும்.

மலைநாட்டில் வீடு பார்ப்பவர்கள் முன்வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. வீட்டின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். சரிவை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்னே மண் செங்குத்தாக நிற்குமாயின் அந்த மலிவுக்குக் காரணம் அதுவே. மாத்தளை உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் புதுவீடு கட்டுவோர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெற வேண்டும் என்ற விதி உண்டு. வாடகைக்குப் போகிறவனிடம் எவரும் அவ்வறிக்கையைக் காட்டுவதில்லை. கேட்டுப் பார்க்கலாம். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் மழை மத்திய மலைநாட்டைச் சிதைத்தபோது, அலுவலகத்துக்குப் போன என் மனைவி மூன்று இரவுகள் கண்டியில் ஒரு சிநேகிதியின் வீட்டில் தங்க நேர்ந்தது. தொலைபேசியும் இல்லை. மகனும் நானும் இரத்தோட்டையில் விளக்கில்லாத வீட்டில், பின்புறத்து மண்ணைக் கைவிளக்கடித்துப் பார்ப்பதும் வந்து படுப்பதுமாக இருந்தோம். மாத்தளையில் இருந்திருந்தாலும் அவள் வந்து சேர்ந்திருக்க முடியாது என்பது உண்மை. அந்த மூன்று இரவுகளும் எங்கள் கணக்கின் எந்த நிரலிலும் அடங்கவில்லை. ஆனால் நான்காம் நாள் சேற்றுக் காலோடு வந்தவள் முதலிற் கேட்டது மாத்தளை வீட்டுக்காரருக்கு முற்பணம் கொடுத்தாயிற்றா என்பதே.

2026 தைப்பொங்கலுக்குப் பிறகு குடிமாறினோம். இப்போது காலை பஸ்ஸில் எனக்கு எப்போதும் இருக்கை கிடைக்கிறது. ஊரே மாத்தளையை நோக்கி இறங்கும் வேளையில் எதிர்த்திசையில் ஏறுகிறவர்கள் ஆசிரியர்களும் இரண்டொரு மிளகு வியாபாரிகளுந்தான். மாணவர் கட்டுரைகளைத் திருத்துவதற்கு அவ்வழி போதுமானது. சாயங்காலத்தில் மனைவி ஆறு மணிக்கு முன்னரே வந்துவிடுகிறாள். மிஞ்சிய பொழுதை அவள் எதிற் போட்டு வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. சில நாள் மகனோடு கணிதம் செய்கிறாள், சில நாள் சும்மா பல்கனியில் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறுதோறும் தகப்பனாரைப் பார்க்கப் போகும் பஸ் செலவைக் கணக்கிற் சேர்த்ததில் 6,400 ரூபா இப்போது 7,000 ஐத் தாண்டிவிட்டது.

முதல் மின்கட்டணப் பட்டியல் 57 அலகு. மாத்தளைக்கு மாற்றம் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பம் இன்னும் ஏதோ ஒரு கோவைக்குள் கிடக்கிறது. அது கைகூடினால் மாதம் 5,500 ரூபா மிஞ்சும். சித்திரைக்குப் பிறகு வாடகையில் 2,000 கூட்ட வேண்டியிருக்கும் என்று வீட்டுக்காரர் படியில் நின்று, மிகவும் மரியாதையாக, அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார்.