யார் எழுதிக்கொடுத்தது?

'லிவ் த்ரூ திஸ்' என்பது 'ஹோல்' என்ற அமெரிக்க ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம். 1994 ஏப்ரல் 12 அன்று வெளியானது. அதற்கு நான்கு நாள் முன்புதான், அக்குழுவின் பாடகி கோர்ட்னி லவ்வின் கணவரும் 'நிர்வாணா' குழுவின் பாடகருமான கர்ட் கோபேன், சியாட்டிலில் தன் வீட்டில் இறந்து கிடந்தது தெரியவந்தது. அவருக்கு வயது 27. ஊர் உலகமெல்லாம் அவருக்காக அழுதுகொண்டிருந்த வாரத்தில் கடைக்கு வந்த அந்த ஆல்பத்தை, கணவனை இழந்தவளின் ஒப்பாரியாகவே பலர் கேட்டார்கள்.

அந்தப் பாடல்களோ 1993 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் பதிவானவை. கோபேன் அப்போது உயிரோடிருந்தார். ஓரிரு பாடல்களுக்குப் பின்குரலும் கொடுத்தார். பிறகு இன்னொரு பேச்சு கிளம்பியது: இவ்வளவு நல்ல பாட்டுகளை அவர்தான் எழுதிக்கொடுத்திருப்பார். குழுவினர் மறுத்தும் முப்பது ஆண்டுகளாக அந்தப் பேச்சு ஓயவில்லை. ஒன்று, அவருக்காகப் பாடினாள்; இல்லையென்றால், அவர் எழுதிப் பாடினாள். எப்படிப் பார்த்தாலும் பாட்டில் அவளுக்கு இடமில்லை.

நான் இதை முதலில் கேட்டது சென்னையில் முதுகலை படித்த காலத்தில். விடுதியில் என் அறைத்தோழி மிசோரம்காரி. அவளிடம் பதிவு செய்த கேசட் ஒன்று இருந்தது. கிரஞ்ச் என்ற சொல்லையே அவள் சொல்லித்தான் அறிந்தேன். எண்பதுகளின் பிற்பகுதியில் சியாட்டில் பகுதியில் உருவான ராக் வகை அது. கிட்டார் சுத்தமாக ஒலிக்காது, கரகரத்து உறுமும். பாட்டு முணுமுணுப்பாகத் தொடங்கிச் சட்டென்று வெடிக்கும். அப்போது எனக்கு அந்த ஆங்கிலம் பாதிகூடப் புரியவில்லை. ஒருத்தி தனக்குத்தானே பேசுவதுபோல் ஆரம்பிப்பதும், அடுத்த அடியில் தொண்டை கிழிய எழுவதும், மறுபடி ஒன்றும் நடக்காததுபோல் இறங்குவதும் புரிந்தது. இருபது தடவை கேட்ட பிறகு இன்னொன்றும் பிடிபட்டது. அந்த அலறல் ஒரு தடவைகூடத் தாளம் தப்பி விழவில்லை. டிரம்ஸ் வாசித்தவர் பேட்டி ஷெமல். பேஸ் கிட்டார் கிறிஸ்டன் பாஃப். நால்வரில் மூவர் பெண்கள். எரிக் எர்லாண்ட்சன் ஒருவர்தான் ஆண். அந்தக் கட்டுப்பாடு பயிற்சியால் வந்தது. கட்டுமீறிய பெண்ணின் கூச்சல் என்று அதை ஒதுக்கியவர்கள் காதைக் கொடுத்துக் கேட்கவில்லை.

'ஆஸ்கிங் ஃபார் இட்' பாட்டின் கதையைத் தோழிதான் சொன்னாள். 1991இல் பிரிட்டன் கச்சேரி ஒன்றில் கோர்ட்னி மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதித்தார். ஆண் பாடகர்கள் வழக்கமாகச் செய்வதுதான். இவரைக் கூட்டம் உடை கிழித்துக் கைவைத்தது. நம்மூரில் 'அவளாத் தேடிக்கிட்டா' என்பார்களே, அதுதான் தலைப்பு. சொன்னவர்களின் சொல்லையே எடுத்து அவர்கள் முகத்தில் திருப்பிப் பாடுகிறார். பௌர்ணமி இரவில் எங்கள் ஊரில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகளாய் நகரும். அந்த நெரிசலில் பையை மார்போடு அணைத்து, விரலிடுக்கில் சேஃப்டி பின் வைத்து நடந்த பெண்ணுக்கு இந்தப் பாட்டை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

பால், பிள்ளை பெற்ற உடம்பு, பறிக்கப்படும் குழந்தை, அழகிப் போட்டி: இவைதான் ஆல்பம் முழுக்க வருகின்றன. அட்டையில் கிரீடம் சூடிப் பூங்கொத்து ஏந்திய அழகி, மை வழிந்த கண்களோடு வாய்விட்டுக் கதறுகிறாள். பின்னட்டையில் வெறுங்காலோடு நிற்கும் சிறுமி, கோர்ட்னியின் பால்யப் புகைப்படம். செத்துப்போன கணவன் இதில் எங்கே?

பெண் குரலெடுத்தால் பக்கத்தில் ஓர் ஆணை நிறுத்திப் பார்ப்பது நமக்கும் பழைய பழக்கம். குறுந்தொகை 28ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஔவையார் பாடியது. தன் வேதனை தெரியாமல் தூங்கும் ஊரின் மேல் கொதிக்கிறாள் ஒருத்தி. ஓவென்று அலறிவிடலாமா என்றும் யோசிக்கிறாள். பாட்டில் கல்யாணம் பற்றி ஒரு சொல் கிடையாது. கீழே உள்ள துறைக்குறிப்போ, திருமணம் தள்ளிப்போவதைத் தாங்கமாட்டாள் என்று கவலைப்பட்ட தோழிக்குத் தலைவி சொன்னதாக அதை முடித்துவைக்கிறது. ஊரின் மேல் வந்த கோபம், மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் தவிப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் வகுப்பில் துறைக்குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்வேன்.

என் முதல் தொகுப்பின் வெளியீட்டு விழாவில் பேசிய ஒருவர், 'இது அர்த்தநாரீசுவரர் ஊர், இவர் கவிதையில் பாதி வீட்டுக்காரருடையதாக இருக்கும்' என்றார். அரங்கம் சிரித்தது. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் கணவர், கவிதை என்றாலே எழுந்து போய்விடுகிற மனிதர், பாவம், அவரும் சிரித்தார். திருக்கார்த்திகையன்று மலையில் தீபம் ஏறும் வேளையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அந்தப் பாதி உடலை அம்மன் தவமிருந்து பெற்றாள் என்பது தலபுராணம். யாரும் எழுதிக்கொடுத்துப் பெற்றதல்ல.

சென்ற ஆண்டு ஒரு மாலை, பாடம் முடிந்தபின் மாணவிகளுக்கு இந்த ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுகளைப் போட்டுக்காட்டினேன். பலரும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். யார் பாடியது, யார் மனைவி என்று ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சிரிப்பு. மூன்றாவது பாட்டில் சத்தமில்லை. தண்டராம்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்: "எங்க ஆயா சாவு ஊட்ல இப்படித்தாம்மா. மொதல்ல மெதுவா ராகம் போடும். அப்புறம் ஒரே தூக்கா தூக்கும். நடுவுல மருமகளையும் திட்டிடும், மாமனாரையும் திட்டிடும்."

ஒப்பாரி கேட்டு வளர்ந்தவளின் காது அது. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் பெண்கள் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். திரும்பும் வழியில், 'என்னமா சொல்லிச் சொல்லி அழுதா' என்று பேசிக்கொண்டு போவார்கள். எந்த இடத்தில் ராகம் மாறியது, யாரை எந்தச் சொல்லால் குத்தினாள் என்றெல்லாம் எடை போடுவார்கள். அழுகைக்கு நடுவே ஒரு கலைஞர் வேலை செய்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவிலும் அப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள். 1994 ஆண்டிறுதியில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்த ஆல்பத்துக்கே முதலிடம். ஆனால் அந்த ஜூனில், கோபேன் போன இரண்டே மாதத்தில், கிறிஸ்டன் பாஃப்பும் இறந்துபோயிருந்தார். அவருக்கும் வயது 27தான். கோபேனின் நினைவுநாளை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

மாணவிகளுக்கு அன்று அந்தப் பெயரையும் கரும்பலகையில் எழுதினேன். பேட்டி, கிறிஸ்டன், கோர்ட்னி, எரிக் என்று நால்வரையும் குறித்துக்கொண்டார்கள். தண்டராம்பட்டுப் பெண் தன் நோட்டில் அதற்குக் கீழே ஆயாவின் பெயரையும் எழுதிவைத்தாள்.